ஒரு திசையில் மட்டும் ஒளியை விடும் படிகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கமிருந்து வரும் ஒளியை விடும், அந்தப் பக்கமிருந்து வரும் அதே ஒளியை விடாது. இப்படியும் படிகங்கள் உண்டு என்று சொன்னதும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்றாம் கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. அவசரமாகப் படிப்பவர்கள் அதை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

1. ஒரு பக்கம் பார்த்தா தெரியும், அந்தப் பக்கம் பார்த்தா தெரியாது, அப்படி ஒரு கண்ணாடி ஏற்கெனவே இருக்கே. அதுதானே இது?

இல்லை. விசாரணை அறைகளில் பொருத்தும் அந்தக் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், இன்னொரு பகுதியை ஊடுருவ விடும். இரு திசையிலும் ஊடுருவும் அளவு ஒன்றுதான். ஓர் அறை வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும் இருப்பதால்தான் ஒரு பக்கத்தவருக்கு மட்டும் காட்சி கிடைக்கிறது. விளக்குகளை இடம் மாற்றிவிட்டால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதும் மாறிவிடும்.

காந்தத் தன்மை இல்லாத சாதாரணப் பொருள் எதுவும் இப்படித்தான். விளக்கையும் உணர்கருவியையும் இடம் மாற்றி வைத்தால் கிடைக்கும் அளவு மாறாது. இதை ரெசிப்ராசிட்டி என்பார்கள். இயற்பியலாளர் லோரன்ஸ் 1896-இல் இதை மின்காந்தவியலின் தேற்றமாகவே எழுதிவைத்தார். நாம் பேசப்போவது, அந்தத் தேற்றத்தின் நிபந்தனைகளுக்கு வெளியே நிற்கும் காந்தமின் பொருள்களைப் பற்றி.

2. காந்தமின் பொருள்னா என்ன? மின்காந்தம் மாதிரியா?

கம்பிச் சுருளில் மின்னோட்டம் விட்டால் உருவாகும் மின்காந்தம் வேறு. காந்தமின் பொருளில் மின்னோட்டமே வேண்டாம். மின்புலத்தில் வைத்தாலே அதற்குக் காந்தத் தன்மை வரும். காந்தப்புலத்தில் வைத்தால் அதன் மின்னூட்டங்கள் இடம்பெயர்ந்து மின்முனைவு உண்டாகும். பொருளுக்குள் மின்சாரமும் காந்தமும் கோத்துக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படியொன்று இருக்கலாம் என்று பியர் கியூரி 1894-இலேயே ஊகித்தார். குரோமியம் ஆக்சைடில் அது இருந்தே தீர வேண்டும் என்று சமச்சீர்மையை மட்டும் வைத்து 1959-இல் ட்சியலோஷின்ஸ்கி காட்டினார். மறு ஆண்டே அஸ்ட்ரோவ் அதை அளந்துவிட்டார். ஒரு பொருளைத் தொடாமலே, அதன் அணுக்களும் காந்தங்களும் அடுக்கப்பட்ட விதத்தை மட்டும் பார்த்து ஒரு விளைவைச் சொல்ல முடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இந்தத் துறை முழுவதும் அந்த வழியில்தான் வளர்ந்திருக்கிறது.

3. ஒளி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு படிகத்துக்கு எப்படித் தெரியும்?

ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து ஊசலாடும் அலை. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, இரண்டுக்கும் செங்குத்தாக அலை பயணிக்கிறது. ஒரு கணத்தில் மின்புலம் மேல்நோக்கியும் காந்தப்புலம் வலப்புறமாகவும் இருந்தால் அலை நம்மை விட்டு முன்னே போகிறது. மின்புலத்தை அப்படியே வைத்துக் காந்தப்புலத்தை மட்டும் இடப்புறம் திருப்புங்கள், அலை இப்போது நம்மை நோக்கி வருகிறது. ஆக, மின்புலத்தோடு ஒப்பிடக் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் ஒளியின் பயணத் திசையே அடங்கியிருக்கிறது.

சாதாரணப் பொருளில், ஓர் எலக்ட்ரானை மேல்நிலைக்குத் தூக்கிவிடும் வேலையை ஒளியின் மின்புலம் தனியாகவோ காந்தப்புலம் தனியாகவோ செய்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் திசை தெரியாது. காந்தமின் பொருளிலோ ஒரே தாவலை இரண்டும் சேர்ந்து தூண்டுகின்றன. ஓர் ஊஞ்சலை இரண்டு பேர் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே பக்கம் தள்ளினால் வீச்சு கூடும், எதிரெதிராகத் தள்ளினால் குறையும். ஒளி ஒரு திசையில் வரும்போது இரண்டு புலங்களின் தள்ளலும் கூடுகின்றன, படிகம் ஒளியை நிறைய உட்கவர்கிறது. எதிர்த்திசையில் வரும்போது காந்தப்புலத்தின் தள்ளல் மட்டும் குறி மாறுகிறது, ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன, ஒளி தப்பித்து வெளியே போகிறது.

4. அப்போ ஏன் எல்லாக் காந்தத்திலும் இது நடக்கல?

இரண்டு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். முதலாவது, படிகத்தின் ஒவ்வொரு புள்ளியையும் மையத்தின் வழியே எதிர்ப்புறத்துக்கு மாற்றினால் பழைய படிகமே கிடைக்கக்கூடாது. கிடைத்துவிட்டால் முன்னும் பின்னும் படிகத்துக்கு ஒன்றே. இரண்டாவது, காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் அது மாறாமல் இருக்கக்கூடாது. அதாவது, உள்ளே ஏதாவது ஒரு காந்த ஒழுங்கு வேண்டும், அல்லது வெளியிலிருந்து காந்தப்புலம் வேண்டும். இரும்பு இரண்டாவதில் தேறும், முதலாவதில் தோற்கும். குவார்ட்ஸ் முதலாவதில் தேறும், காந்தம் இல்லாததால் இரண்டாவதில் தோற்கும்.

எளிய ஓர் அடையாளமும் உண்டு. படிகத்தில் ஒரு திசையில் மின்முனைவும் அதற்குச் செங்குத்தாகக் காந்தமாக்கமும் இருந்தால், இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது அச்சுதான் ஒளிக்கு ஒருவழிப் பாதை.

5. வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? கண்ணுக்குத் தெரியுமா?

பெரும்பாலான பொருள்களில் மிக மிகச் சிறியது. ஒளியின் காந்தப்புலம் அணுக்களைத் தள்ளும் வலு, மின்புலம் தள்ளும் வலுவில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஒருவர் முழு வலுவோடும் மற்றவர் விரல் நுனியாலும் தள்ளினால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் பெரிய வேறுபாடு வராது.

அதனால் ஆய்வாளர்கள் தேடுவது, மின்புலத்தின் தள்ளல் பலவீனமாக இருக்கும் தாவல்களை. தாமிரம், நிக்கல் போன்ற அயனிகளின் உள்ளேயே நடக்கும் சில தாவல்களை மின்புலம் நேரடியாகத் தூண்ட முடியாது, அயனியைச் சுற்றியுள்ள அமைப்பு சற்றுக் கோணலாக இருப்பதால்தான் கொஞ்சம் தூண்டுகிறது. அங்கே காந்தப்புலம் போட்டிக்கு வந்துவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்புலத்தின் பங்கு 1, காந்தப்புலத்தின் பங்கு 0.2 என்று கொள்வோம். உட்கவர்தல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு திசையில் 1.2-இன் வர்க்கம், 1.44. மறுதிசையில் 0.8-இன் வர்க்கம், 0.64. வெறும் ஐந்தில் ஒரு பங்கு துணைக்கு வந்தாலே இரு திசைகளுக்கும் 2.25 மடங்கு வேறுபாடு! இரண்டும் சரிசமமானால் ஒரு திசையில் 4, மறுதிசையில் பூச்சியம். அதுதான் முழுமையான ஒருவழி.

6. அந்தப் பூச்சியத்தை யாராவது நிஜமா எட்டியிருக்காங்களா?

எட்டியிருக்கிறார்கள். காப்பர் மெட்டாபோரேட் என்ற படிகம் சுமார் 21 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்கு பெறுகிறது. அதில் திசைசார் வேறுபாடு மிகப் பெரியது என்று 2008-இல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது. 2015-இல் டோயோடா, அரிமா முதலானோர் அதே படிகத்தை 53 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்து, ஒரு திசையில் ஒளி ஊடுருவுவதையும் எதிர்த்திசையில் தடுக்கப்படுவதையும் அளந்தார்கள். ஒளியின் ஆற்றல் சுமார் 1.4 எலக்ட்ரான் வோல்ட், கண்ணுக்குத் தெரியும் சிவப்பைச் சற்றே தாண்டிய அகச்சிவப்பு.

53 டெஸ்லா என்பது மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியின் 1.5 அல்லது 3 டெஸ்லாவைவிடப் பல மடங்கு. நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் துடிப்பாகத் தரப்படும் புலம் அது. ஆகவே இதைப் பயன்பாட்டுக் கருவியாக நினைக்கக்கூடாது. இயற்கை இதை முழுமையாக அனுமதிக்கிறது என்பதற்கான சான்று அது, அந்த அளவில் மிகப் பெரிய விஷயம்.

7. வித்தியாசம் 2 மடங்குதான்னா, படிகத்தைத் தடிமனா வெட்டினா போதுமே?

நல்ல யோசனை போலத் தோன்றும், இதைக் கேட்காதவர்களே இல்லை. தடிமன் கூடினால் விகிதம் கூடும் என்பது உண்மை. ஆனால் உட்கவர்தல் அடுக்குக்குறி முறையில் வேலை செய்கிறது, அதாவது படிகத்தின் ஒவ்வொரு மெல்லிய அடுக்கும் தன்னிடம் வந்துசேர்ந்த ஒளியில் அதே பங்கை விழுங்குகிறது. தடுக்கும் திசையின் உட்கவர்தல் மற்றதைப்போல 2 மடங்கு என்றால், விடும் திசையில் ஊடுருவும் பங்கு, தடுக்கும் திசையில் ஊடுருவும் பங்கின் வர்க்கமூலம் என்று ஆகிறது. தடுக்கும் பக்கம் 1 சதவீதம் மட்டும் கசியுமாறு வெட்டினால், விடும் பக்கம் 10 சதவீதம்தான் கிடைக்கும். 0.01 சதவீதமாக இறுக்கினால் விடும் பக்கம் 1 சதவீதம். நமக்கு வேண்டிய ஒளியும் படிகத்திலேயே செத்துவிடுகிறது.

அதனால்தான் 2 மடங்கு, 3 மடங்கு என்ற எண்களைவிட, விடும் திசையில் உட்கவர்தல் பூச்சியத்துக்கு எவ்வளவு அருகில் போகிறது என்பதை முதலில் பாருங்கள் என்று சொல்லுவேன். அது பூச்சியமானால் தடிமன் பிரச்சினையே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் தடிமனாக வெட்டலாம்.

8. ஒளியை ஒரு பக்கம் மட்டும் விடுற ஐசொலேட்டர் ஏற்கெனவே லேசர்ல இருக்கே, இது எதுக்கு?

இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஃபாரடே 1845-இல் கண்ட விளைவை வைத்து இயங்குவது அது. முன்னும் பின்னும் இரண்டு தளவிளைவாக்கிகள் (ஒரே தளத்தில் ஊசலாடும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்கள்), நடுவே காந்தத்துக்குள் ஒரு படிகம். படிகம் ஒளியின் தளத்தை 45 பாகை திருப்பும், இரண்டாவது தளவிளைவாக்கியும் 45 பாகை சாய்ந்திருப்பதால் ஒளி வெளியே போகும். திரும்பி வரும் ஒளியையும் படிகம் அதே பக்கமாகவே 45 பாகை திருப்புகிறது, மொத்தம் 90 பாகை ஆகி, முதல் தளவிளைவாக்கி அதை நிறுத்திவிடும்.

அங்கே படிகம் ஒளியைத் திருப்புகிறதே தவிர நிறுத்துவதில்லை. நிறுத்த மூன்று உறுப்புகளும் ஒரு காந்தமும் சேர வேண்டும். காந்தமின் பொருளில் ஒற்றைப் படிகமே அந்த வேலையைச் செய்கிறது, தளவிளைவுறாத ஒளிக்கும் அது நடக்கும். ஃபாரடே ஐசொலேட்டரின் இடத்தை இது நாளைக்கே பிடித்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சில்லுக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாக, புலத்தால் திசை மாற்றக்கூடியதாக ஒன்று வேண்டுமென்றால் இந்த வழிக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

9. பக்கத்துல காந்தம் எப்பவும் வச்சிருக்கணுமா?

தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. லித்தியம் நிக்கல் பாஸ்பேட் ஓர் எதிர்ஃபெரோகாந்தம். அதன் அயனிகள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம்தான், ஆனால் எதிரெதிராக அடுக்கப்பட்டிருப்பதால் வெளியே காந்தம் என்றே தெரியாது. அந்த அடுக்கு முறையே நான்காம் பதிலில் சொன்ன இரண்டு சமச்சீர்மைகளையும் ஒரே அடியில் உடைத்துவிடுகிறது. 2024-இல் ஜப்பானின் கிமுரா குழு இதில் 1450 நானோமீட்டர் அகச்சிவப்பில் அளந்தது. இரு திசை உட்கவர்தல்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சுமார் 40 சதவீதம். மடங்கில் சொன்னால் இரண்டுக்கும் மேல், ஐந்தாம் பதிலில் போட்ட கணக்கை ஒட்டியே வருகிறது.

அதைவிட முக்கியம், காந்தப்புலம் கொடுத்துத் திசையை மாற்றிவிட்டுப் புலத்தை எடுத்துவிட்டாலும் படிகம் மாற்றிய நிலையிலேயே நிற்கிறது. எந்தத் திசையில் ஒளியை விட வேண்டும் என்பது அதன் காந்த அடுக்கிலேயே பதிந்துவிடுகிறது. ஒளியிழைத் தொடர்பில் பயன்படும் அலைநீளங்களின் வட்டாரத்திலேயே இது நடக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது.

10. எல்லாம் கடுங்குளிர்லதான் நடக்குது போல. அறை வெப்பநிலையில் ஒண்ணும் இல்லையா?

லித்தியம் நிக்கல் பாஸ்பேட்டும் சுமார் 21 கெல்வினுக்குக் கீழேதான் ஒழுங்கு பெறுகிறது, உண்மைதான். ஆனால் பிஸ்மத் ஃபெரைட் இருக்கிறது. அதன் காந்த ஒழுங்கு சுமார் 640 கெல்வின் வரையிலும் மின் ஒழுங்கு சுமார் 1100 கெல்வின் வரையிலும் தாங்கும். புடாபெஸ்டைச் சேர்ந்த கேஷ்மார்கியும் கூட்டாளிகளும் 2015-இல் அதில் ஒருதிசை ஊடுருவலைக் காட்டினார்கள்.

அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இல்லை, கிகாஹெர்ட்ஸ் முதல் டெராஹெர்ட்ஸ் வரையான அலைகளில். அங்கே எலக்ட்ரான் தாவல்களுக்குப் பதில் காந்த அடுக்கின் கூட்டு அசைவுகள், அதாவது ஸ்பின் அலைகள், ஒளியோடு ஒத்ததிர்கின்றன. மூன்றாம் பதிலின் தத்துவம் அப்படியே பொருந்தும், ஊஞ்சல் மட்டும் வேறு. இதே கேஷ்மார்கி குழு 2014-இல் கோபால்ட் கலந்த சில சேர்மங்களில் நான்கு வெவ்வேறு அதிர்வெண்களில் ஒருவழி ஊடுருவலைப் பார்த்தது.

11. தடுக்கப்பட்ட ஒளி எங்கே போகுது? திரும்பி வருமா?

பெரும்பகுதி படிகத்துக்குள்ளேயே வெப்பமாகிவிடும்.

12. ஒரு பக்கம் மட்டும் ஒளி போனா அந்தப் பக்கம் சூடேறிக்கிட்டே போகாதா? இது வெப்ப இயக்கவியல் இரண்டாம் விதியை மீறலையா?

இந்தப் பக்கத்தின் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். சம வெப்பநிலையில் இருக்கும் இரண்டில் ஒன்று தானாகவே மற்றதைவிடச் சூடேறாது என்பது அந்த விதி. சம வெப்பநிலையில் இரண்டு அறைகள், நடுவே அதே வெப்பநிலையில் நம் படிகம், படிகப் பரப்பில் எதிரொளிப்பு இல்லை என்று கொள்வோம். இடமிருந்து வலம் 90 சதவீதம் போகிறது, வலமிருந்து இடம் 10 சதவீதம்தான். அப்படியானால் வல அறைக்கு வரவு அதிகம், செலவு குறைவு. அது சூடேற வேண்டும், அந்தச் சூட்டில் ஓர் எந்திரத்தை இலவசமாக ஓட்டலாம். அப்படித்தானே தோன்றுகிறது?

கணக்கில் ஒருவரை விட்டுவிட்டோம், படிகத்தை. சூடான எந்தப் பொருளும் தானே ஒளி உமிழும். இந்தப் படிகத்தின் உமிழ்வும் திசை பார்த்துத்தான் நடக்கிறது. வலப்புறமாகச் செல்லும் ஒளியில் 10 சதவீதத்தைத்தான் அது உட்கவர்கிறது, அதனால் வலப்புறமாக உமிழ்வதும் 10 பங்குதான். வல அறைக்குக் கிடைப்பது 90, 10, மொத்தம் 100. இடப்புறமாகச் செல்லும் ஒளியில் 90 சதவீதத்தை உட்கவர்கிறது, இடப்புறமாக 90 பங்கு உமிழ்கிறது. இட அறைக்குக் கிடைப்பது 10, 90, மொத்தம் 100. படிகமும் வாங்குவது 100, கொடுப்பது 100. யாரும் சூடேறவில்லை.

இதில் விதி மாறிய இடம் ஒன்று உண்டு. நல்ல உட்கவரி நல்ல உமிழி என்ற கிர்க்காஃப் விதியை ஒரே முகத்துக்குப் பொருத்தினால் இங்கே தவறும். படிகத்தின் வல முகம் தன்மேல் விழுவதில் 90 சதவீதத்தை உட்கவர்கிறது, உமிழ்வதோ 10 பங்கு. உட்கவர்தலும் உமிழ்தலும் சமமாக இருப்பது முகத்துக்கு முகம் இல்லை, பயணத் திசைக்குத் திசை. இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது: ஒளியை உட்கவராத, எதிரொளிக்காத, வேறு வழியில் திருப்பியும் விடாத ஒரு பொருள் ஒருவழியாக இருக்கவே முடியாது. தடுத்த ஒளிக்குப் போக ஓர் இடம் வேண்டும்.

13. வலக்கை இடக்கை மூலக்கூறுகளிலும் இது நடக்குமாமே? உயிர் தோன்றியதோடு சம்பந்தம்னு படிச்சேன்.

நடக்கும். வலக்கையும் இடக்கையும் போல, கண்ணாடிப் பிம்பமாக இருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு வடிவங்களில் சில மூலக்கூறுகள் இருக்கின்றன. மூலக்கூறின் இந்தக் கைத்தன்மையே நான்காம் பதிலின் முதல் நிபந்தனையை நிறைவேற்றிவிடும். ஒளி செல்லும் திசையிலேயே காந்தப்புலம் கொடுத்தால் இரண்டாவதும் கிடைத்துவிடும். ரிக்கனும் ரௌபாக்கும் 1997-இல் ஐரோப்பியம் சேர்மம் ஒன்றின் ஒளிர்வில் இதை முதலில் கண்டார்கள். 2000-இல் அவர்களே குரோமியம் சேர்மக் கரைசலில், காந்தப்புலமும் தளவிளைவுறாத சாதாரண ஒளியும் சேர்ந்து ஒரு கையை மற்றதைவிடச் சற்றே அதிகமாக்குவதைக் காட்டினார்கள். புலத்தைத் திருப்பினால் மறு கை அதிகமானது.

உயிரினங்களின் அமினோ அமிலங்கள் ஏன் ஒரே கையாக இருக்கின்றன என்பதற்கு இது ஒரு விடையாகலாம் என்ற கருத்து அங்கிருந்து வந்ததுதான். முன்வைக்கப்படும் பல விடைகளில் இதுவும் ஒன்று, நிறுவப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிடைத்த மிகுதி மிகச் சிறியது.

14. ஒரு படிகத்துல ரெண்டு பக்கமும் லேசர் அடிச்சுப் பார்த்தேன், அளவு வேற வேற வருது. ஒருவழி விளைவுதானே?

உடனே நம்பிவிடாதீர்கள். லேசர் கற்றை மறுபக்கத்தில் சற்று விலகி விழுந்தாலோ, ஒரு முகம் வழவழப்பாகவும் மறுமுகம் சொரசொரப்பாகவும் இருந்தாலோ, உணர்கருவி சிதறிய ஒளியைத் தவறவிட்டாலோ இதே வேறுபாடு வரும். அவை எதுவும் முதல் பதிலில் சொன்ன ரெசிப்ராசிட்டியை மீறுவதில்லை.

ஆய்வகங்களில் பெரும்பாலும் விளக்கையும் உணர்கருவியையும் தொடுவதே இல்லை. கற்றையை அப்படியே விட்டுவிட்டுக் காந்தப்புலத்தை, அல்லது படிகத்தின் காந்த அடுக்கை, நேர்மாறாகத் திருப்புகிறார்கள். ஒளியைத் திருப்புவதும் காந்தத்தைத் திருப்புவதும் இங்கே சமம். ஒளியியல் அமைப்பு அசையாததால் பொய் வேறுபாடு நுழைய இடமில்லை. எட்டாம் பதிலில் சொன்ன தளத் திருப்பம், அதாவது ஃபாரடே சுழற்சி, குழப்பாமல் இருக்க, முடிந்த இடங்களில் காந்தப்புலத்தை ஒளிக்குச் செங்குத்தாக வைக்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். வெளிக்காந்தம் எதுவும் இல்லாமல், படிகத்தைக் காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்கு மேலே சூடாக்கி மீண்டும் அளங்கள். உண்மையான ஒருவழி விளைவு அங்கே மறைந்துவிட வேண்டும். வேறுபாடு அப்படியே நின்றால் அது படிகத்திலிருந்து வரவில்லை, உங்கள் மேசையில் இருக்கும் லென்ஸ், துளை, உணர்கருவி ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது.